ஷௌகி கெடுத்த ஷாட்

ஷுப்ரா பேட்டையில் எங்கள் தெருவில் இன்ஷிராஹின் ஊசிக்குத் தப்பிய இடுப்பு ஒன்றுகூடக் கிடையாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். அதற்குப் பிறகும் கை சும்மா இருக்கவில்லை. காலையில் கறுப்புத் தோல்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்புவாள். நாலாவது மாடி, ஆறாவது மாடி என்று ஏறி இறங்கி, சர்க்கரைக்காரர்களுக்கும் முதுகுவலிக்காரர்களுக்கும் குத்திவிட்டு, நண்பகல் தொழுகைக்கு முன் வீடு திரும்புவாள். அவள் ஊசி வலிக்காது, வாய்தான் வலிக்கும். "இவ்ளோ கொழுப்பை வளத்து வெச்சிருக்க, மருந்து உள்ள போக வழி கேக்குது" என்று அவள் திட்டி முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும்.

அவள் புருஷன் ஷௌகி டீ போடுகிறவன். நகரத்தின் நடுவே, சினிமாத் துணை நடிகர்கள் வேலைக்குக் காத்துக் கிடக்கும் ஒரு டீக்கடையில் முப்பது வருஷமாக அவன்தான் அடுப்படி. குழந்தை இல்லை. அந்தப் பேச்சை இருவரும் கல்யாணமான பத்தாவது வருஷமே பேசி அழுது முடித்துவிட்டார்கள்.

ஊருக்கெல்லாம் டீ ஊற்றுகிறவன் வீட்டில் கிளாஸைத் தொடமாட்டான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஷௌகி அப்படியில்லை. காலை ஏழு மணிக்கு அவனே கெட்டிலை அடுப்பில் ஏற்றுவான். நாலு கரண்டி சர்க்கரை, புதினா இரண்டு கிள்ளு. முதல் கிளாஸை ஊற்றி, மேசைக்கு எதிர்ப்பக்கம் அவள் முன்னால் தள்ளி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, "மகாராணிக்கு முதல்ல" என்பான்.

என்பான் என்றுதான் சொல்லவேண்டும். அவள் காதில் அது விழுந்தது அபூர்வம். அவர்கள் வீட்டுக்கு நேர் கீழே தஸூகியின் பட்டறை. அடிபட்டு நசுங்கிய கார் கதவுகளைத் தட்டி நிமிர்த்துகிற தொழில். சரியாக ஏழு மணிக்கு அவன் சுத்தியலை எடுத்தால் மூன்றாவது மாடி ஜன்னல் வரை அதிரும். அதனால் இன்ஷிராஹ் புருஷனின் உதட்டைத்தான் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "கை நல்லாருக்கட்டும்" என்பாள். அவன் நிமிர்ந்து சிரிப்பான். எங்கள் ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் அதைச் சொல்லாமல் வாங்குவது கிடையாது. ரொட்டிக்காரன் ரொட்டி நீட்டினாலும் சொல்வோம், ஊசி போட்டுக்கொண்டவர்கள் வலியில் முனகிக்கொண்டே அவளுக்கும் சொல்வார்கள். சொல்லாமல் எடுத்தால் கொடுத்தவன் முகத்தில் அடித்த மாதிரி.

பதினோரு வருஷத்துக்கு முன் ஒருநாள், டீக்கடைக்குள் ஹாதிம் என்ற உதவி இயக்குநர் மூச்சிரைக்க ஓடிவந்தான். பக்கத்துத் தெருவில் படப்பிடிப்பு. நகைக்கடைக் காவல்காரனாக நடிக்க வேண்டிய ஆள் வரவில்லை.

"மாமா, நீங்க தூக்கத்துல எழுந்த வாட்ச்மேன் மாதிரியே இருக்கீங்க. வாங்க."

"எனக்கு நடிக்கத் தெரியாதேப்பா."

"தெரியாதவங்கதான் வேணும். தெரிஞ்சவங்களை வெச்சு நாலு நாளா சாகறோம்."

போட்டிருந்த அங்கியோடும் கையிலிருந்த தட்டோடும் இழுத்துக்கொண்டு போனான். படத்தின் பெயர் 'பூட்டு திறந்திருக்கு'. திருடத் தெரியாத மூன்று தடியர்கள் நகைக்கடையில் திருட வருகிறார்கள். காவல்காரக் கிழவன் அவர்களை முதலாளி அனுப்பிய சுமைகூலிகள் என்று நினைத்து உபசரித்து, இரும்புப் பெட்டியை இறக்க அவனே ஒரு கை பிடிக்கிறான். பிடித்துக்கொண்டே, "மெதுவா இறக்குங்கடா, அடிபட்டா முதலாளி அழுவாரு" என்கிறான். அவ்வளவுதான் அவன் வேஷம். படம் வந்த பெருநாளன்று திரையரங்கில் அந்த வசனத்துக்கு ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்ததில், அடுத்த வசனம் யாருக்கும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஊரில் எவன் ஃபிரிட்ஜைத் தூக்கினாலும் முதலாளி அழுவார்.

படப்பிடிப்பு முடிந்து வந்த அன்று மட்டும் ஷௌகியின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஒரு ஷாட்டைக் கெடுத்துட்டேன்டி. டைரக்டர் காது கிழியக் கத்திட்டாரு."

"என்ன பண்ணித் தொலைச்சே?"

"வாய் சும்மா இல்ல."

"அது எப்ப சும்மா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு இன்ஷிராஹ் கீரை ஆயப் போய்விட்டாள். வாயில் என்ன வந்தது என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அந்த ஒரு வசனம் அவனைக் கெடுத்தது. டீ போட வேண்டியவன் வாடிக்கையாளர் மேசையில் உட்கார்ந்து வசனம் சொல்ல ஆரம்பித்தான். கடைக்காரர் ஒரு வருஷம் பொறுத்தார், அப்புறம் அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு ஆறு படம். நாலில் அவன் வந்த காட்சியையே வெட்டிவிட்டார்கள், இரண்டில் அவன் முதுகு தெரிந்தது. வீட்டுச் செலவு முழுக்க இன்ஷிராஹின் ஊசி முனையில் ஓடியது. அவள் திட்டாத நாள் இல்லை. ஆனால் தொலைக்காட்சியில் எப்போது 'பூட்டு திறந்திருக்கு' போட்டாலும், சத்தத்தை ஏற்றி வைத்துவிட்டு, தனக்கு ஒன்றும் இல்லாத மாதிரி சமையலறைக்குள் போய் நின்று கேட்பாள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஹாதிம் போன் செய்தான். இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள். காவல்காரனுக்கு இந்தமுறை பெரிய வேஷம். வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

மறுநாள் காலை ஷௌகி கல்யாணக் கோட்டை எடுத்துப் போட்டிருந்தான். பொத்தான் வயிற்றுக்கு எட்டவில்லை. அதைப் பார்த்ததும் இன்ஷிராஹுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

"அறுபத்து மூணு வயசுல திருடனுங்க பின்னாடி ஓடப்போறியா? டாக்டர் நெஞ்சு மாத்திரை எழுதிக் குடுத்து ஒரு மாசம் ஆச்சு, அதை வாங்கப் போறதுக்கு மட்டும் உனக்குக் கால் வலிக்கும். அந்தத் திருடனுங்க வீட்டுலயே போய் இருந்துக்கோ."

ஷௌகி கெட்டிலை எடுத்தான். கிளாஸை ஊற்றி அவள் முன்னால் தள்ளினான். கீழே தஸூகி தட்டத் தொடங்கியிருந்தான். ஷௌகியின் உதடு அசைந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, ஊசி போடக் கிளம்பிவிட்டாள்.

சினிமாக் கம்பெனிக்குப் போகும் வேனிலேயே ஷௌகி இறந்துபோனான். ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தவனைத் தூங்குகிறான் என்று நினைத்திருக்கிறார்கள். போன் வந்தபோது இன்ஷிராஹ் அந்த கிளாஸைக் கழுவ எடுத்திருந்தாள். புதினா கறுத்து, டீ மேல் ஆடை கட்டியிருந்தது. முப்பத்தோரு வருஷத்தில் பதில் சொல்லாமல் அவள் விட்ட ஒரே கிளாஸ் அது. துக்கத்துக்கு வந்த யாரிடமும் அதைச் சொல்லவில்லை. எல்லோரும் "நல்ல சாவு, வலியில்லாத சாவு" என்றார்கள். அவள் தலையாட்டினாள்.

அவன் குரல் வேறெங்கும் பதிவாகியிருக்கவில்லை. பழைய படத்தைப் போட்டுப் போட்டுக் கேட்டாள். தினமும் போடுகிற மருந்து ஒருநாள் உடம்பில் வேலை செய்யாமல் போகுமே, அதுபோல அந்த வசனமும் ஒருநாள் அவளிடம் வேலை செய்யாமல் போனது. முதலாளி அழுவார் என்று அவன் சொன்னான், அவளுக்கு அழுகை வரவில்லை. அன்றுதான் அவன் உண்மையாகவே செத்துவிட்டான் என்று அவளுக்குப் பட்டது.

அந்த நேரத்தில் ஹாதிம் வீட்டுக்கு வந்தான். இப்போது அவன் கம்பெனியின் தயாரிப்பு நிர்வாகி.

"அக்கா, மாமா இல்லாம ரெண்டாம் பாகத்தை ஜனங்க ஏத்துக்கமாட்டாங்க. அப்ப எடுத்த ஷாட் ஒண்ணு கெடக்கு. படத்துல சேக்காதது, யாரும் பாத்ததில்ல. அதை வெச்சுக்கட்டுமா?"

"அதுல பேசறாரா?"

"பேசறாரு."

அவன் நீட்டிய தாளில் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

நோன்புப் பெருநாளுக்குப் படம் வந்தது. காலையில் ஷௌகியின் கல்லறைக்குப் போய், ஏழைகளுக்குக் கொடுக்க எடுத்துப்போன ரொட்டியைக் கொடுத்துவிட்டு, "மூணு மணிக்கு ஃபிர்தௌஸ் தியேட்டர்ல பாக்கறேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்தாள். தெருவே அவளோடு கிளம்பியது. தஸூகி குளித்திருந்தான். எதிர்வீட்டு மதாம் விக்டோரியா, அது தன் பெருநாள் இல்லையென்றாலும், ஈஸ்டருக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

படத்தைப் பற்றி என்ன சொல்ல. மூன்று திருடர்களுக்கும் தொப்பை. கதை துபாய்க்குப் போனது, கார்கள் பறந்தன, ஒரு பாட்டு வந்தது, பிறகு அதே பாட்டு மழையில் வந்தது. பழைய நகைச்சுவை ஒவ்வொன்றையும் எடுத்து, இது நகைச்சுவை என்று கையைப் பிடித்துக் காட்டினார்கள். முதல் படத்தில் அந்த மூவருக்கும் திருடத்தான் தெரியாது, இதில் எதுவுமே தெரியவில்லை. ஜனங்கள் பூசணி விதை கொறித்தார்கள். நடுவில் ஒரு பிஞ்சுக்குழந்தை அழுதபோது யாரோ, "பாவம், அதுக்கும் கதை புரிஞ்சிடுச்சு" என்றார். அன்றைக்குத் தியேட்டரில் விழுந்த பெரிய சிரிப்பு அதற்குத்தான்.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில், திருடர்கள் பழைய நாளை நினைத்துப் பார்க்கிறார்கள். திரையில் ஷௌகி.

தெரு முழுக்க எழுந்து கத்தியது. அவன் தட்டோடு வந்து உட்கார்ந்தான். கெட்டிலைத் தூக்கினான். முதல் கிளாஸை ஊற்றி, கேமராவைப் பார்த்து, நேராக நம் பக்கம் தள்ளினான். தலையைச் சாய்த்து வாயைத் திறந்தான். "கீழே இன்னொரு பெட்டி இருக்குடா, அதுலதான் எல்லாம்" என்று ஒரு குரல் வந்தது.

அது ஷௌகியின் குரல் இல்லை.

அவனைப் போலவே பேசத் தெரிந்த எவனோ ஒருவன். கரகரப்பு சரியாக இருந்தது, இழுவைகூடச் சரியாக இருந்தது. பக்கத்தில் தஸூகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்ம ஷௌகி, நம்ம ஷௌகி" என்றான். இன்ஷிராஹ் எழுந்து, ஆட்களின் காலை மிதித்துக்கொண்டு வெளியே வந்து, வராந்தாவிலிருந்தே ஹாதிமுக்குப் போன் போட்டாள்.

"எவன்டா என் புருஷன் வாய்க்குள்ள?"

ஹாதிம் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, அது கெட்டுப்போன ஷாட். அதனாலதான் முதல்ல சேக்கல. இந்தக் கதைக்கு இன்னொரு பெட்டி வேணும், அதைச் சொல்ல வேற யாரும் இல்ல. குரலை மட்டும் மாத்தினோம்."

"அவரு பேசினது எங்க?"

"அழிஞ்சுபோச்சு. கெட்ட ஷாட்டோட சத்தத்தை யார் எடுத்து வெப்பாங்க?"

"அவரு என்ன சொன்னாரு?"

"பதினோரு வருஷம் ஆச்சேக்கா. டைரக்டர் கத்தினது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. 'மூணு ஆம்பளைங்க உக்காந்திருக்கானுங்க, நீ எவகிட்டய்யா பேசறே'ன்னு கத்தினாரு. எல்லாரும் சிரிச்சோம். மாமாவுக்கு மட்டும் மூஞ்சி செவந்துபோச்சு."

இன்ஷிராஹ் போனை வைத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தாள். மறுநாள் தனியாகப் போய் முதல் வரிசையில் அமர்ந்தாள். பாட்டையும் மழையையும் துபாயையும் பொறுத்துக்கொண்டாள். ஷௌகி வந்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அவன் உதட்டை மட்டும் பார்த்தாள்.

மகாராணிக்கு முதல்ல.

விளக்கும் கேமராவும் நூறு பேரும் சுற்றி நிற்க, கெட்டில் கையில் வந்ததும் அந்த மனுஷனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோயிருக்கிறது. இதுதான் அவன் கெடுத்த ஷாட். இதைத்தான் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் சொல்லாமல் விட்டிருக்கிறான். இன்ஷிராஹ் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் திருடர்கள் பக்கம் திரும்பிவிட்டான், காட்சி போய்விட்டது. மொத்தம் பதினோரு விநாடி.

மூன்றாம் நாளும் போனாள். நாலாம் நாளும் போனாள். ஊசியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் குத்தி எடுக்கிறவளுக்கு, இரண்டு வார்த்தை சொல்ல அந்தப் பதினோரு விநாடி போதவில்லை. வீட்டில் தனியாகச் சொல்லிப் பார்த்தால் தடையில்லாமல் வந்தது. அவன் கிளாஸைத் தள்ளும்போதுதான் வராமல் போனது.

இதற்கிடையில் படம் படுத்துவிட்டது. ஐந்தாம் நாள் பெரிய அரங்கிலிருந்து சின்ன அரங்குக்கு மாற்றினார்கள். எட்டாம் நாள் ஒரே காட்சி, மூன்று மணி. பத்துப் பேர் இல்லையென்றால் அதையும் ஓட்டமுடியாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். ஹாதிமிடம் கேட்டதில், இந்தப் படத்தை எந்தத் தொலைக்காட்சியும் வாங்கவில்லை, தயாரிப்புப் பங்குதாரர்கள் கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள், இனி அது பெட்டியிலிருந்து வெளியே வருமா என்பதே சந்தேகம் என்றான்.

ஆகவே இன்ஷிராஹ் ஆள் பிடிக்க ஆரம்பித்தாள். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பாள். குப்புறப் படுத்திருப்பவன் எப்படி மறுப்பான்?

"மூணு மணிக்குத் தியேட்டர் வரே. இல்லேன்னா நாளையிலேர்ந்து மாட்டு ஊசி."

மதாம் விக்டோரியா இரண்டு தடவை வந்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். "இன்சுலின் வேணா ரெண்டா போட்டுக்கோடி, அந்தப் படம் மட்டும் வேணாம்."

தஸூகி பட்டறையைப் பூட்டிவிட்டு நாலு நாள் வந்தான். ஐந்தாம் நாள் வாசலில் நின்று, "அக்கா, அவனுங்க திருடினதுக்கு எனக்கு ஏன் தண்டனை?" என்றான்.

பன்னிரண்டாம் நாள் மேலாளர் வாசலில் வேறு படத்தின் விளம்பரத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். இன்றுதான் கடைசி. ஆள் இருக்கிறதா இல்லையா என்று இனி அவர் பார்க்கப்போவதில்லை. தெருவிலிருந்து ஒன்பது பேரைக் கூட்டி வந்திருந்தாள், அவளோடு பத்து. உள்ளே போகும் முன் தஸூகி அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"இன்ஷிராஹ் அக்கா, உங்களை எனக்கு முப்பது வருஷமா தெரியும். இந்தக் கண்றாவிய நீங்க சும்மா பாக்கமாட்டீங்க. என்னன்னு சொல்லுங்க."

சொன்னாள். கடைசிக் காலை, திருப்பிக்கொண்ட முகம், ஆடை கட்டிய டீ, உதடு எல்லாவற்றையும் வராந்தாவில் நின்றபடியே சொன்னாள். மதாம் விக்டோரியா சிலுவை போட்டுக்கொண்டாள். தஸூகி மட்டும் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். விரல் ஒவ்வொன்றும் சுத்தியல் பிடித்துக் காய்த்துப்போன கை.

"அப்ப முப்பது வருஷமா அவன் சொன்னதை உங்க காதுல விழவிடாம பண்ணது நான்தானா?"

"போடா மடையா" என்றாள் இன்ஷிராஹ். "நீ தட்டாம இருந்திருந்தா நான் காதாலதான் கேட்டிருப்பேன். அவன் உதட்டைப் பாத்தே இருக்கமாட்டேன். இன்னிக்கு அவன் பேசறது எனக்கும் தெரிஞ்சிருக்காது."

உள்ளே போய் எல்லோரும் முதல் வரிசையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரும் விதை கொறிக்கவில்லை. துபாய் வந்தது, கார்கள் பறந்தன, மழைப்பாட்டுக்குக்கூட யாரும் முனகவில்லை. இடைவேளையில் யாரும் எழுந்துபோகவில்லை. இன்ஷிராஹ் பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஷௌகி தட்டோடு வந்தான். உட்கார்ந்தான். கெட்டிலைத் தூக்கி ஊற்றினான். தஸூகி குனிந்து தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். கிளாஸ் அவளைப் பார்த்து நகர்ந்து வந்தது. ஷௌகி தலையைச் சாய்த்தான். எவனோ ஒருவன் இன்னொரு பெட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கை நல்லாருக்கட்டும் ஷௌகி" என்றாள் இன்ஷிராஹ்.

கரகரத்து, பாதி உடைந்து, ஆனால் உரக்க, பத்துப் பேருக்கும் கேட்கும்படி வந்தது. திரையில் இன்னும் மூன்று விநாடி மிச்சமிருந்தது. அந்த மூன்று விநாடியும் அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், வீட்டில் இதைச் சொன்னதும் எப்போதும் செய்வானே, அதுபோல ஒருமுறை நிமிர்ந்து சிரிப்பான் என்று. அவன் சிரிக்கவில்லை. திருடர்களுக்கு அடுத்த கிளாஸை ஊற்றத் திரும்பிவிட்டான்.